ஆஸ்பத்திரி கழித்தல் மலேரியா கூட்டல் குன்யு

மார்ச் 4, செவ்வாய்

எங்கள் ஊர் ஜோம்பாவில் மழை என்றால் கரண்ட் இருக்காது. மதியம் அது வந்த பிறகுதான் வேலை. ஐந்து மாதமாகச் சேர்த்த செவா மொழி எழுத்து எல்லாம், வானொலி நாடகம், பத்திரிகை, தேவாலயப் பிரசங்கம், ஒருவழியாக மெஷினுக்குள் போய்விட்டது. ஒரு வார்த்தை எந்த வார்த்தைகளோடு பழகுகிறது என்று பார்த்து அதற்கு முந்நூறு எண்கள் தருகிறது. பிறகு வார்த்தைகளைக் கூட்டலாம், கழிக்கலாம். மீனிலிருந்து ஏரியைக் கழித்து வயலைக் கூட்டினோம். சோளம் வந்தது! பக்கத்து மேஜை யாங்கோ கைதட்டினாள். "லிம்பானி சாரிலிருந்து கோபத்தைக் கழிச்சுப் பாரேன், டியா. ஒண்ணும் மிஞ்சாது" என்றாள், எங்கள் மேலாளரைக் கிண்டல் செய்து.

ஜூனில் நோயாளிகள் கைபேசியில் அனுப்பும் செய்திகளை இந்த மெஷின்தான் பிரிக்கப் போகிறது. இது ஆஸ்பத்திரிக்கு, இது ஆலோசனைக்கு என்று.

மார்ச் 7

மாத்திரை இன்னும் பதின்மூன்று நாளுக்கு இருக்கிறது.

மார்ச் 11, செவ்வாய்

இன்று நோய்களின் பெயர்களைப் போட்டோம். மலேரியாவுக்கு ஆஸ்பத்திரி என்றால் இந்த நோய்க்கு எது என்று கேட்கிற கணக்கு. ஆஸ்பத்திரியிலிருந்து மலேரியாவைக் கழித்துக் காசநோயைக் கூட்டினால் டாக்டர், நர்ஸ், ஊசி. சரி. அடுத்து யாங்கோ குன்யுவைக் கூட்டினாள். குன்யு என்றால் வலிப்பு. விடையாக வந்தவை:

சூனியம். பேய். அவமானம்.

"மெஷின்கூட எங்க பெரியம்மா மாதிரியே பேசுது" என்று சிரித்தாள். நானும் சிரித்தேன். ஏன் சிரித்தேன்?

பதினாலு வயதில் வகுப்பில் விழுந்தேன். எச்சில் பட்டால் ஒட்டிக்கொள்ளும் என்று யாரும் தொடவில்லை. கண் விழித்தபோது எல்லோரும் சுவரோரம் நின்றார்கள். அந்தப் பள்ளியைவிட்டு வந்தபின் யாரிடமும் சொன்னதில்லை. மாத்திரைக்கு வேறு ஊருக்கு, லிம்பே கிளினிக் வரை போகிறேன், இங்கே யாரும் பார்க்கக் கூடாதென்று. பன்னிரண்டு வருடமாக.

மார்ச் 12

ஒரு செய்தி எழுதி மெஷினில் போட்டேன்: "என் மகனுக்குக் குன்யு, என்ன செய்வது?" ஆலோசனைப் பக்கம் தள்ளிவிட்டது. பாதிரியாரின் எண்ணோடு.

லிம்பானி சாரிடம் காட்டினேன். "அந்த ஒரு வார்த்தைக்கு மட்டும் கையால ஒரு விதி எழுதிப் போட்டுடுங்க. ஜூனுக்கு நாள் இல்ல."

எழுதினேன். அடுத்து, "விழுந்துவிடுகிறான், வாயில் நுரை" என்று போட்டேன். மறுபடியும் பாதிரியார். வீட்டில் யார் குன்யு என்று பெயரைச் சொல்கிறார்கள்? என் அம்மாவே "அது வந்துச்சா?" என்றுதான் கேட்பாள். எத்தனை விதி எழுத?

அதைத் தப்பு சொல்லியும் பயனில்லை. நாம் கொடுத்த எழுத்தில் குன்யுவும் மாத்திரையும் ஒரே வரியில் வந்ததே இல்லை. வருகிற இடம் ஒன்று எனக்குத் தெரியும்.

மார்ச் 14

லிம்பானி சாரிடம் சொல்லிவிட்டேன். லிம்பேயில் வியாழக்கிழமைதோறும் வலிப்புக்காரர்கள் வருகிறார்கள், அவர்கள் பேச்சைப் பதிவு செய்யலாம் என்று. "உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்றார். தெரிந்தவர் ஒருவர் போகிறார் என்றேன்.

கோழை.

மார்ச் 20, வியாழன்

தூங்குவதற்குள் எழுதிவிடுகிறேன்.

லிம்பே கிளினிக்குக்கு யாங்கோ மைக்கோடு வந்தாள். அனுமதி எல்லாம் முன்பே வாங்கியாகிவிட்டது. என்னைத் தெரிந்ததாகக் காட்டிக்கொள்ள வேண்டாம் என்று நர்ஸிடம் ரகசியமாகச் சொல்லி வைக்க நினைத்திருந்தேன். வாசலில் கால் வைக்கும்போதே அவள் குரல்: "டியாமிக்கே! போன மாசம் எத்தனை தடவ வந்துச்சு?"

யாங்கோ என்னைப் பார்த்தாள். "ஒரு தடவை" என்றேன். வேறென்ன சொல்ல?

பெஞ்சில் இருபது பேர். மைக்கைக் கண்டதும் எல்லோரும் தரையைப் பார்த்தார்கள். நாமகோவா அம்மாவை எனக்கு வருடக்கணக்கில் தெரியும், மகனை அழைத்து வருகிறவர். அவர்தான் பேசினார்.

"ஏம்மா, நீயும் இந்த வரிசைதானே?"

"ஆமாம்மா."

"அப்ப எங்க வாயைப் புடுங்குறதுக்கு முன்னாடி நீ பேசு. நாங்க கேக்குறோம்."

யாங்கோ மைக்கை மெல்ல என் பக்கம் திருப்பினாள். என் பெயரைச் சொன்னேன். எனக்குக் குன்யு இருக்கிறது என்றேன். அந்தச் சொல்லை வாய்விட்டுச் சொல்லி எவ்வளவு காலம்! பிறகு நிற்கவில்லை. பள்ளிக்கூடம், சுவரோரம் நின்றவர்கள், மாத்திரையை மாவு டப்பாவில் ஒளித்து வைப்பது, எல்லாம்.

நான் முடித்ததும் நாமகோவா அம்மா, "மைக்கை இங்க கொண்டா" என்றார். "என் மகனை மூணு வருஷம் மந்திரவாதிகிட்ட கூட்டிட்டு அலைஞ்சேன். மாத்திரை போட்ட ரெண்டாம் மாசம் சைக்கிள் ஓட்டுறான். எழுதிக்கோ."

மதியத்துக்குள் பதினோரு பேர் பேசினார்கள்.

திரும்பும்போது மினிபஸ்ஸில் யாங்கோ என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். எந்த ஊர் தாண்டியது என்றே நினைவில்லை. நான் எண்ணெயில் பொரித்த மண்டாசி பன் ஒன்றைத் தின்றுகொண்டிருந்தேன். சட்டென்று யாங்கோ அதை என் கையிலிருந்து வாங்கி, நான் கடித்த இடத்திலேயே கடித்தாள். "எனக்குப் பசிக்குதுடி. ஒண்ணுதான் வாங்குவியா?"

ஜன்னல் பக்கம் திரும்பி அழுதேன்.

ஏப்ரல் 24, வியாழன்

ஆறு வியாழன். அறுபத்து மூன்று குரல்கள். இனி எல்லாவற்றையும் எழுத்தாக்க வேண்டும்.

மே 6

லிம்பானி சார் பதிவுகளைச் சரிபார்க்கிறார் என்பதை மறந்தே போனேன். முதல் பதிவே என் குரல். அறைக்குக் கூப்பிட்டார். வேலை போயிற்று என்று நினைத்தேன்.

"நீங்க வேணும்னா வீட்டுலேருந்தே வேலை செய்யலாம்" என்றார். கருணையாகத்தான் சொன்னார். அதுதான் சுட்டது.

"வீட்ல நான் தனியா இருக்கேன் சார். விழுந்தா யாரு பாப்பாங்க?"

பேனாவை உருட்டிக்கொண்டே இருந்தார். பிறகு, "சரி. நாங்க என்ன செய்யணும்னு எழுதி ஒட்டுங்க" என்றார். எழுதினேன். ஒருக்களித்துப் படுக்க வை. வாயில் எதையும் திணிக்காதே. கடிகாரத்தைப் பார். பக்கத்திலேயே இரு.

மே 19

புதிய எண்கள் வந்தன. ஆஸ்பத்திரி கழித்தல் மலேரியா கூட்டல் குன்யு: மாத்திரை. இரண்டாவது, கிளினிக். மூன்றாவது இன்னும் சூனியம்தான். இருக்கட்டும். அப்படியும்தானே பேசுகிறார்கள்.

ஜூன் 10, செவ்வாய்

மூன்று மாவட்டங்களில் தொடங்கி இரண்டாம் நாள். மச்சிங்காவிலிருந்து ஒரு செய்தி: "மகளுக்கு ஒன்பது வயது. அடுப்படியில் விழுந்தாள், கண் மேலே செருகியது. தொடாதே என்கிறார்கள். தூக்கிவிட்டேன். எனக்கும் வருமா?"

குன்யு என்ற சொல்லே இல்லை. மெஷின் அதை ஆஸ்பத்திரிப் பக்கம் வைத்திருந்தது.

செய்திகளுக்குப் பதில் சொல்லும் நர்ஸ் சாப்பிடப் போயிருந்தாள். நானே அந்த எண்ணுக்குக் கூப்பிட்டேன். ஒட்டாது, தூக்கியது சரி என்றேன். எந்த கிளினிக், எந்தக் கிழமை என்று சொன்னேன். அந்தத் தாய்க்கு நம்பிக்கை வரவில்லை. "உங்களுக்கு என்ன தெரியும்?" என்றாள்.

எனக்கும் இருக்கிறது என்றேன்.

மறுமுனையில் கோழிகள் கொக்கரித்தன.

"அப்ப... நீங்க வேலைக்கெல்லாம் போறீங்களா?"

"இப்ப வேலையிலதாம்மா இருக்கேன்."