மண் லாரி வருவதற்குள்

அண்ணா,

எழுந்ததும் இதைப் படி. விடிந்ததும் வயலுக்குப் போய்ப் பார்த்தேன். மக்காச்சோளத்தின் இலை ஓரமெல்லாம் தீயில் காட்டியதுபோல் கருகியிருக்கிறது. பச்சைக் கோழி எருவை நீ தண்டோடு ஒட்டிப் போட்டதால் வந்த சூடு. மட்கவைத்துப் போடுவோம் என்றேன். "எருன்னா எருதான், போய்க் கதைப் புஸ்தகம் படி" என்று கத்தினாய். இப்போது சண்டைக்கு நேரமில்லை.

மோட்டார் அறைச் சாவியை எடுத்துக்கொண்டு திரும்பவும் போகிறேன். எருவை வழித்தெடுத்துவிட்டு நிறையத் தண்ணீர் விட்டால் பாதிச் செடியாவது பிழைக்கும்.

காலையிலேயே மண் லாரிக்காரர் வருவார். இந்தக் கட்டாந்தரையில் எதுவும் விளையாது, மண்ணை அள்ளிக்கொண்டு போங்கள் என்று அப்பா அவரிடம் அரைமனதாகச் சொல்லிவைத்திருக்கிறார். இன்று பயிரைப் பார்த்துவிட்டுத்தான் அப்பா முடிவு சொல்வார். மண் போய்விட்டால் நமக்குப் பள்ளம்தான் மிஞ்சும். லாரிக்காரரை உட்காரவைத்துப் பேச்சுக் கொடு. டீயை மெதுவாகப் போடு.

சாப்பாடு மூடிவைத்திருக்கிறேன். கோபத்தில் பட்டினி கிடக்காதே.

பி.கு.: வரிசைகளுக்கு நடுவே ஊன்றிய தட்டைப்பயறு பச்சைப்பசேலென்று இருக்கிறது. அதற்கு எரு வேண்டாம் என்று நான் சொன்னதை மட்டும் கேட்டிருக்கிறாய், வேலை மிச்சம் என்பதால்.

இன்னொன்று: அந்தப் பயறைக் காட்டி, நிலத்தின் மேல் குற்றமில்லை, நாம் எரு போட்ட விதம்தான் தப்பு என்று அப்பாவிடம் சொல்லவேண்டும். தனியாக நின்றால் எனக்குக் குரலே எழும்பாது. லாரிக்காரரோடு அப்பா வயலுக்குக் கிளம்பும்போது நீயும் வந்து என் பக்கத்தில் நில், அண்ணா.