சின்ன பி

மேசை இழுப்பறையைத் துப்புரவாக்கும்போது உன் கையெழுத்து விழுந்த, நம் நிரலை அச்சடித்த தாள் கட்டு அகப்பட்டது. கீழ்க்கடைக் கராம்பு மணம் அதில் இன்னும் இருக்கிறது. முதல் பக்கத்திலேயே ஆங்கில பி எழுத்து ஒன்றைச் சிவப்புப் பேனாவால் வட்டமிட்டு, "மூணு பதில் மச்சான்!" என்று எழுதியிருக்கிறாய். கசக்கி எறிந்தேன். பிறகு போய்ப் பொறுக்கி எடுத்தேன். உன்மீது எனக்கு அவ்வளவு ஆத்திரம்.

மாத்தளையில் அந்த வாசனைச் சரக்குக் கடைக்கு மேலே நம் அறை. காணாமல் போனவர்களைத் தேடும் குடும்பங்களைப் பதிய, ஒரு நிவாரண அமைப்புக்கு மென்பொருள் எழுதிக்கொண்டிருந்தோம். படிவங்கள் எக்ஸ்எம்எல் கோப்பாக வரும். அவற்றின் விதிகளைச் சொல்லும் ஸ்கீமாவை நீ எழுதினாய். அதற்கு ஏற்றபடி பதில்களை வாங்கி வைத்துக்கொள்ளும் நிரல் பகுதியை, ஜாவா கிளாஸை, நான் எழுதினேன். 'உயிருடன் இருக்கிறாரா' என்ற கேள்விக்குப் பதில் கட்டாயமில்லை என்று வைத்தவன் நீ. தெரியாதவர்கள் வெறுமையாக விடட்டும் என்றாய்.

ஆம்-இல்லைக் கேள்விக்கான பூலியன் என்ற சொல்லைப் பெரிய பி போட்டு எழுதினால் ஆம், இல்லை, வெறுமை மூன்றும் கிளாஸில் நிற்கும். ஆனால் வெறுமையைத் தொட்டதும் என் நிரல், குடும்பத்துக்கு அனுப்பும் பதிவுக் கடிதத்தை அச்சடிக்காமல் விழுந்தது. எனக்கு அவசரம். சின்ன பி ஆக்கினேன். அதில் இரண்டே பதில். நிரப்பாத இடமெல்லாம் தானாக 'இல்லை' ஆகிவிடும்.

"டேய், தெரியாதுங்கிறதும் இல்லங்கிறதும் ஒன்னாடா?" என்று கத்தினாய்.

"இப்ப ஓடுதுல்ல, விடு."

"சரி, திங்கக்கெழம மாத்து," என்று பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினாய். ஏன் விட்டாய்? என் பிடரியில் ஒன்று போட்டிருக்க வேண்டாமா?

அந்த மாலையே நீ ஏறிய பல்லேபொல பஸ்ஸை மறித்து, அடையாள அட்டையில் பெயரைப் படித்து, உன்னை மட்டும் இறக்கிக்கொண்டு போனார்கள். பாவிகள். எந்தப் பொலிஸிலும் பதில் இல்லை.

இரண்டு மாதம் கழித்து உன் அம்மா படியேறி வந்தார். அதே அமைப்பில் உன்னைப் பதிந்து, அந்தக் கேள்வியை வெறுமையாக விட்டிருந்தார். அங்கிருந்து வந்த கடிதம் அவர் கையில் இருந்தது. உன் பெயர். அதன் கீழே, உயிருடன்: இல்லை.

"யாரு சொன்னா மகன், எம் புள்ள உசுரோட இல்லன்னு? இது ஒங்க மெஷின்ல அடிச்சதுதானே?"

நான் மாற்றவே இல்லை. திங்கட்கிழமைகள் எத்தனையோ போயிருந்தன. அவர் முன்னாலேயே உட்கார்ந்து மாற்றினேன். ஓர் எழுத்து, வெறுமையைச் சமாளிக்க ஒரு வரி. பத்து நிமிடம்கூட ஆகவில்லை. அந்தப் பத்து நிமிடத்தை நினைத்தால் இன்றைக்கும் என்னையே அறைய வேண்டும்போல் இருக்கிறது.

புதுக் கடிதத்தில் அந்த இடம் வெறுமையாக வந்தது. விரலால் தடவிப் பார்த்தார். "இது இப்புடியே கெடக்கட்டும்," என்றார்.

இப்போதும் என் விரல் பெரிய பி-யைத்தான் தட்டுகிறது. உன்னைப் பற்றி யார் கேட்டாலும் தெரியாது என்கிறேன். இத்தனை வருடமாகியும் தெரியாதா என்று முறைக்கிறார்கள். முறைக்கட்டும். இல்லை என்று இனிச் சொல்லமாட்டேன். ஒருமுறை சொல்லிவிட்டேன், உன் அம்மாவிடம், அச்சடித்து.