கடல் நிறத் துணி

ஐப்பசி, ஞாயிறு இரவு

சாமியார்பேட்டைக் கடற்கரையில் சவுக்குத் தோப்பு ஓரமாக நானும் வீட்டுக்காரரும் வெகுதூரம் நடந்தோம். மழைக்கு முந்தைய கடல் நீலமாகவே இல்லை. சாம்பலில் கொஞ்சம் பச்சையைக் கரைத்தது போல இருந்தது. புதிதாகத் தைக்கப்போகும் ஒட்டுப்போர்வைக்கு நான் தேடிய நிறம் அதுதான். டெய்லர் கடையில் வாங்கிய வெட்டுத் துணிகளைப் பையில் கொண்டுபோயிருந்தேன். ஒவ்வொன்றாகக் கடலுக்கு நேரே பிடித்துப் பார்த்ததில் ஒன்று அச்சு அசலாகப் பொருந்தியது. அதைக் கரையில் ஏற்றி வைத்திருந்த ஒரு படகின் மேல் விரித்துவிட்டு, ஈர மணல் நிறத்துக்கு இன்னொன்றைத் தேடக் குனிந்தேன். நிமிர்ந்தால், படகின் மோட்டாரில் சாய்ந்து கையில் அப்பிய கிரீஸை இவர் அதில் துடைத்துக்கொண்டிருக்கிறார்!

கத்திவிட்டேன்.

"வேஸ்ட் துணிதானே? எங்க பீங்கான் கம்பெனியில இதுலதான கை தொடைக்கிறோம்" என்கிறார்.

"இது உங்க கம்பெனியா? ஒரு வார்த்தை கேக்க மாட்டீங்களா?"

"தொவைச்சா போயிடும். இதுக்குப் போயி இவ்ளோ கோவமா?" சிரிப்பு வேறு.

வந்ததும் சோப்பு போட்டுத் தேய்த்தேன். கிரீஸ் போகவில்லை, நிறம்தான் போயிற்று.

இவருக்கென்ன, படுத்ததும் தூங்கிவிட்டார். போன வருஷம் அதே கடை வெட்டுத் துணியில் நான் தைத்த போர்வையைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டு குறட்டை. வெளியே மழை பிடித்துக்கொண்டது. இவர் மேலிருந்து அந்த வேஸ்ட் துணியை உருவிக்கொண்டு வந்து, மடியில் போட்டுக்கொண்டுதான் இதை எழுதுகிறேன்.

குளிரட்டும்.