உப்பில் கரைந்த மணிகள்

தொட்டியிலிருந்து எடுத்த தென்னை நார்த் துண்டு ஒன்று என் உள்ளங்கையில் இருக்கிறது. பழுப்பாக, வழவழப்பாக, உயிரோடு. எட்டு வாரமாக உப்புத் தண்ணீரில் கிடந்தும் பாக்டீரியா நாரை விட்டுப் போகவில்லை. நீ போன பிறகு, நீ கட்டி வைத்திருந்த நார்க் கட்டுகளைத்தான் உள்ளே போட்டேன். வெளியே வரும் தண்ணீர் தெளிந்திருக்கிறது. போன வாரம் முதலாளி அதன் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டார். உன் பெயரை யாரும் சொல்லவில்லை.

நாம் ஒரே எம்.எஸ்சி படித்து, தோல் பதனிடும் டேனரிகளின் கழிவுநீரைச் சுத்தம் செய்யும் இந்த நிலையத்தில் ஒரே நாளில் சேர்ந்தோம். கழிவைத் தின்னும் பாக்டீரியாவை அப்படியே விட்டால் தண்ணீரோடு போய்விடும், எதிலாவது பிடித்து நிறுத்துங்கள் என்றார்கள். நான் ஆல்ஜினேட் மணிகள் என்றேன். கடல்பாசிக் கூழில் பாக்டீரியாவைக் கலந்து கால்சியம் கரைசலில் சொட்டுச் சொட்டாக விட்டால் ஜவ்வரிசி போல உருண்டு நிற்கும். கல்லூரியில் அதைச் செய்து கைதட்டல் வாங்கியவன் நான்.

நீ ஒரு மணியை விரலில் நசுக்கிப் பார்த்தாய்.

"இன்னா மச்சி, பாயாசம் வெக்கப் போறியா? தோல் ஊறுன தண்ணிடா இது. உப்பு ஜாஸ்தி. ஒரு வாரம் தாங்காது. நாரு போடலாம்."

"நீ நாரை வெச்சிக் கயிறு திரி, போ" என்றேன். சிரித்தாய்.

ஆறாம் நாள் மணிகள் கரைந்தன. உப்பு கால்சியத்தைத் தள்ளிவிட்டு உள்ளே புகுந்திருந்தது. கூழ் போய்க் கீழ்த்தொட்டியின் சல்லடையை அடைத்தது. மறுநாள் அதிகாரிகள் பார்வையிட வருவதாக இருந்தது. மேனேஜர் வந்தார்.

"யாராவது எறங்கி வழிச்சி உட்ருங்கப்பா."

யாராவது என்றவர் உன்னைத்தான் பார்த்தார். உன்னோடு சேர்த்து ஐந்து பேர் நின்றோம். மற்ற நால்வரும் உன்னைத்தான் பார்த்தோம். நீ காலனிக்காரன் என்பது எல்லோருக்கும் தெரியும். அதற்கு மேல் யாரும் பேசத் தேவைப்படவில்லை. பட்டம் இருவருக்கும் ஒன்று, தப்பு என்னுடையது, வழிக்க வேண்டியவன் மட்டும் நீ.

மூடியைத் திறந்ததும் அழுகிய முட்டை வாடை அடித்தது. குனிந்தபடி சிறிது நேரம் காத்திருந்தாய்.

"வாடை போய்ட்ச்சி மச்சி. காத்து வந்துட்ச்சி போல. எறங்கறேன்."

வாடை போகவில்லை. அந்த விஷவாயு அதிகமானால் முதலில் மூக்கைத்தான் மரத்துப்போக வைக்கும். இதைப் பரீட்சையில் எழுதியிருக்கிறோம், இருவரும். அவசரத்தில் உனக்கு மறந்துபோனது. எனக்கு நினைவு வந்தது. கூடவே இன்னொன்றும் வந்தது: உன்னைத் தடுத்தால் என்னை இறங்கச் சொல்வார்கள். வாயைத் திறக்கவில்லை. நாலு படி இறங்கினாய். ஐந்தாம் படியில் உன் கை நழுவியது.

விசாரணைக்காக நேற்று ஆபீசில் ஒரு தாளை நீட்டினார்கள். 'யாரும் சொல்லாமல் தானாகவே இறங்கினார்' என்று அடித்திருந்தது. மற்ற மூவரும் கையெழுத்துப் போட்டுவிட்டார்கள். அதுவே உண்மை என்று ஆகிவிட்டால் உன் சாவு உன் தப்பு. உன் மனைவிக்கு நஷ்டஈடு எதுவும் கிடையாது. நான் போடவில்லை. வேலை போகும் என்றார் மேனேஜர். போகட்டும்.

இன்று கணியம்பாடிக்குப் போய் உன் மனைவியிடம் சொன்னேன், மேனேஜர் சொல்லித்தான் நீ இறங்கினாய், அதை நாளை விசாரணையிலும் சொல்வேன் என்று. அவள் அழவில்லை.

"யாரும் சொல்லாம எறங்குற ஆளில்லண்ணா அவரு. தெரியும். கடைசியா வேற எதுனா சொன்னாரா?"

வாடை போய்விட்டது என்று சொன்னாய். அதைச் சொன்னால் மீதியையும் சொல்ல வேண்டும்.

"ஒண்ணும் சொல்லலமா" என்றேன்.

"நீங்க ஒருத்தராவது இருக்கீங்களே" என்று கையெடுத்துக் கும்பிட்டாள். நான் பதிலுக்குக் கும்பிட்டுவிட்டு பஸ் ஏறினேன்.