மறைவு என்ற இடத்தில் ஒரு தேதி

பிப்ரவரி 8, ஞாயிறு

இன்று சொல்லாதது: "அத்தை, அவர் போட்டோ வேண்டாம்."

காலையில் பனி. தோசை மாவைக் கரைத்துக்கொண்டிருந்தேன். அத்தை பின்னால் வந்து நின்று, "தம்பி போட்டோவையே போட்டுறலாம்னு இருக்கேன், நீ என்ன சொல்றே?" என்றார். வாய்வரை வந்தது. "உங்க இஷ்டம் அத்தை" என்றேன். மாவு நீர்த்துப்போனது.

தம்பி என்றால் அவர் மகன், என் கணவர், ச. கத்தாரில் கிரேன் ஓட்டுகிறார்.

அத்தை போன வருடம் வரை கிராம செவிலியர். சுற்று வட்டாரத்துக்கே நர்சம்மா. ஓய்வு பெற்றதும் குறும்படம் எடுக்கத் தொடங்கினார். பத்தாம் வகுப்பில் வந்த ஆசையாம். சென்னைப் பயிற்சி வகுப்பில் வயது வரம்பு தாண்டிவிட்டது என்றார்கள். ஒரு தயாரிப்பு அலுவலகத்தில் காலையிலிருந்து உட்காரவைத்துவிட்டு, "அம்மா வேஷம் கேட்டு வந்தீங்களா?" என்றார்கள். முதல் படத்தை விழாக்காரர்கள் திருப்பிவிட்டார்கள். இது இரண்டாவது படம். 20ஆம் தேதிக்குள் அனுப்ப வேண்டும்.

கதை: வெளிநாட்டில் இறந்த மகனின் உடலுக்காகக் காத்திருக்கும் தாய். அப்படி ஒரு வீட்டுக்குத் தினமும் போய் பிரஷர் பார்த்தவர் அத்தை. படத்தில் முக்கியமான ஷாட் ஒன்று. பஸ் ஸ்டாப்பில் மகனுக்கு 'கண்ணீர் அஞ்சலி' ஃப்ளெக்ஸ் கட்டியிருக்கும். அதன் கீழேயே அந்தத் தாய் பஸ்ஸுக்காக உட்கார்ந்திருப்பாள். வசனம் இல்லை. தாயாக அத்தையே நடிக்கிறார்.

அந்த ஃப்ளெக்ஸுக்கு ஒரு முகம் வேண்டும். உயிரோடு இருப்பவர் போட்டோவை யார் கொடுப்பார்கள்?

பிப்ரவரி 9, திங்கள்

அத்தை கேட்டுப் பார்த்த இடங்கள்:

பக்கத்து வீட்டு அமுதாக்கா, அவர் மகன் போட்டோவுக்காக. "சினிமாவா இருந்தாலும் மாலை மாலைதான் நர்சம்மா."

கேமராமேன் செல்வம். ஆலங்குடியில் கல்யாண வீடியோ எடுப்பவர். "எனக்குப் பொண்ணு பாத்துக்கிட்டு இருக்காங்க. இந்த நேரத்துல என்னயப் போயி செவுத்துல ஒட்டுனா வெளங்குமா?"

மாமா, அவருடைய இளவயதுப் போட்டோவுக்காக. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு தோப்புக்குப் போய்விட்டார்.

இறந்தவர் யாருடைய படத்தையாவது கேட்கலாமே என்றேன். "அந்த வீட்டுல மறுபடி அழுவாங்கடி" என்றார் அத்தை. பிறகு, "போன வீட்டுல எல்லாம் 'ஒங்க மகன் போட்டோவப் போட வேண்டியதுதானே'ன்னு கேட்டாக. நியாயந்தானே. எம் புள்ளையத் தராம ஊரான் புள்ளையக் கேட்டா?"



சாயங்காலம் ச. போனில். சிரிக்கிறார். "ஹீரோவே நான்தான்னு அம்மா சொல்லுது. நல்ல போட்டோவாக் குடு. தொப்பை தெரியாத மாதிரி."

எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை இல்லை. ராகு காலம் பார்க்க மாட்டேன். பல்லி கத்தினால் பல்லி கத்துகிறது, அவ்வளவுதான். இவ்வளவு புத்தகம் படித்தும் உள்ளே ஒரு பயம் உட்கார்ந்திருக்கிறது. அது எதையும் படித்ததில்லை.

பிப்ரவரி 11, புதன்

பகலில் வெயில். முந்திரிப் பூ வாசம் வீடு முழுக்க.

ஃப்ளெக்ஸ் கடையில் வாசகம் கேட்டார்களாம். எழுதித் தருவது என் வேலை என்று அத்தை முடிவு செய்துவிட்டார். கல்லூரி நூலகத்தில் வேலை பார்க்கிறேன், பிழை வராது.

அன்புக் கணவர் என்று போடவில்லை. "பாசமிகு மகன்" போதும். தோற்றம் என்ற இடத்தில் அவர் பிறந்த தேதி. அடுத்து மறைவு. போனைக் கீழே வைத்துவிட்டுத் துணி மடித்தேன். மறுபடி எடுத்தேன். வைத்தேன்.

கடைசியில் ஒரு வழி. கடந்துபோன தேதி. போன வருடம் பிப்ரவரி 16, அவர் விடுமுறையில் இருந்தபோது நார்த்தாமலைக்குப் போனோம். விடிந்ததிலிருந்து படுக்கும்வரை என் கண் முன்னாலேயே இருந்தார். பாறையில் ஏறினார், மூச்சு வாங்கினார், திரும்பும்போது இரண்டு பரோட்டா கூடுதலாகத் தின்றார். அந்த நாள் முடிந்துவிட்டது. அதில் யாரும் அவரை ஒன்றும் செய்ய முடியாது.

16.02.2025 என்று அனுப்பினேன். கொஞ்சம் மூச்சு வந்தது.

பிப்ரவரி 15, ஞாயிறு

படப்பிடிப்பு. விடிகாலையில் பஸ் ஸ்டாப். செல்வம் நேற்று வாங்கிவைத்திருந்த ஃப்ளெக்ஸை இரண்டு கம்பத்துக்கு நடுவே கட்டினார். ச. சட்டைக் காலர் தெரியச் சிரிக்கிறார். பக்கத்தில் விளக்கு, மேலே ரோஜா மாலை. எல்லாம் கம்ப்யூட்டரில் சேர்த்தது.

மறைவு: 16.02.2026.

நாளை.

இரண்டு முறை படித்தேன். கடைக்காரருக்குப் போன் செய்தேன். தூக்கக் குரல். "அக்கா, நீங்க போன வருசத்தப் போட்டிருந்தீங்க. வருசம் பொறந்து ஒன்றரை மாசந்தானே ஆவுது, எல்லாரும் பழக்கத்துல அப்புடித்தான் எழுதிக் குடுக்குறாங்க. நாந்தான் மாத்துனேன்." அந்தத் தேதி இன்னும் வரவில்லை என்பதை அவர் பார்க்கவே இல்லை. பிறகு மெதுவாக, "அண்ணனுக்கு என்னக்கா பண்ணுச்சு?" சினிமாவுக்கு என்றேன். "அப்படியா, நல்லவேளை" என்று வைத்துவிட்டார். ஞாயிறு, கடை திறக்காது.

செல்வத்திடம் சொன்னேன். "அதெல்லாம் பின்னாடி மங்கலாப் போயிரும். அம்மா மொகந்தான் தெளிவா இருக்கும்."

"ஒரு வெள்ளைப் பேப்பராவது ஒட்டுங்க."

"ஒட்டுனா பேப்பர் தெரியும்ங்க."

அத்தை சீலையைச் சரிசெய்துகொண்டே, "என்னா அங்கிட்டு?" என்றார். தேதி தப்பாகிவிட்டது என்று மட்டும் சொன்னேன். கண்ணாடி போடாமலே அண்ணாந்து பார்த்தார். "விடு. ஒனக்குமா இதெல்லாம்? படிச்ச புள்ள."



ஆலங்குடி பஸ் வந்தது. டிரைவர் இறங்கி ஃப்ளெக்ஸைப் படித்துவிட்டு அத்தையிடம் வந்தார். "நர்சம்மா, எப்ப? எனக்குத் தெரியவே தெரியாதே." கண் கலங்கிவிட்டது அவருக்கு. செல்வம், "அண்ணே, பிரேமுக்குள்ள நிக்கிறீங்க" என்றார். விஷயம் தெரிந்ததும் டிரைவர் கோபமாகப் பேசினார். பெற்ற பிள்ளைக்குச் செய்கிற காரியமா என்றார். அத்தை கைகூப்பினார். பஸ் போனது.

மாமா கடைக்குப் போக எப்போதும் இந்த வழி. இன்று கண்மாய்க் கரையைச் சுற்றிக்கொண்டு போவதைப் பார்த்தேன்.

ஷாட் ஒரே தடவைதான். அத்தை உட்கார்ந்தார். ஒரு தடவை மேலே பார்க்க வேண்டும், பிறகு சாலையைப் பார்க்க வேண்டும். மேலே பார்த்தவர் பார்வையை இறக்கவே இல்லை. செல்வம் நிறுத்தச் சொல்லக் கையைத் தூக்கிவிட்டுத் தூக்கியபடியே நின்றார். அத்தையின் உதடு எதையோ எண்ணுவதுபோல அசைந்தது. நடிப்பு என்று நினைத்தேன்.

முடிந்ததும் நானே ஃப்ளெக்ஸை அவிழ்த்தேன். மடிக்கும்போது அவர் முகத்தில் மடிப்பு விழாமல் பார்த்துக்கொண்டேன்.

பிப்ரவரி 16, திங்கள்

மேகமூட்டம். மழை இல்லை.

வேலைக்குப் போனேன். வீட்டில் இருந்தால் அத்தை முகத்தைப் பார்க்க வேண்டும்.

இன்று பயந்தவை: கிரேன் கம்பி. கம்பெனி பஸ். அவர் குடிக்கும் தண்ணீர். தூக்கத்தில் நெஞ்சு. தெரியாத எண்ணிலிருந்து வரும் போன். போன் வராமல் இருப்பது.

வரலாற்றுப் புத்தகங்களை வேதியியல் அடுக்கில் வைத்துவிட்டேன். ஒரு மாணவி வந்து, "மேடம், உடம்பு சரியில்லையா?"

வேலை நேரத்தில் அவரைக் கூப்பிடக்கூடாது. மேலே இருக்கும்போது போன் அடித்தால் கவனம் சிதறும். என் போனே காரணமாகிவிட்டால்? பொறுத்தேன். மதியச் சாப்பாட்டைத் திறந்து மூடினேன். முடியவில்லை. கூப்பிட்டேன்.

உடனே எடுத்தார். கொட்டாவி.

"என்ன, இந்த நேரத்துல?"

"நீங்க... வேலைக்குப் போகலையா?"

"லீவு. அம்மா போடச் சொல்லுச்சு. நேத்து சாயங்காலம் போன் பண்ணி, நாளைக்கு ரூம விட்டு வெளிய போகாதேன்னுச்சு. ஏம்மான்னா, கேள்வி கேக்காமப் போடுன்னு வச்சிருச்சு. அழுத மாதிரி வேற இருந்துச்சு. அங்க என்ன நடக்குது?"

"ஒன்னுமில்ல."

"சம்பளத்துல பிடிப்பான்."

"பிடிக்கட்டும். தூங்குங்க. மாடிப்படி எறங்காதீங்க."

"நீயுமா?"

வீட்டுக்கு வந்தபோது அத்தை காதில் இயர்போனோடு நேற்றைய ஒலிப்பதிவைக் கேட்டுக்கொண்டிருந்தார். காலையில் வைத்த காபி அப்படியே ஆடை கட்டிக் கிடந்தது. "தம்பிகிட்ட பேசினியா?" என்றார், திரும்பாமல்.

"பேசினேன் அத்தை. நல்லா இருக்காங்க."

"ம்."

லீவு விஷயம் தெரியும் என்று நான் சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை. மாமா வந்தார், மூவரும் கூடத்திலேயே இருந்தோம். யாரும் டி.வி. போடவில்லை. இப்போதும் உட்கார்ந்திருக்கிறோம். தேதி இன்னும் முடியவில்லை.

பிப்ரவரி 19, வியாழன்

படம் அனுப்பியாயிற்று. அந்த ஷாட் இருக்கிறது. அதை நீக்கிவிடலாமா என்று செல்வத்திடம் அத்தை கேட்டதாகத் தெரிந்தது. "எடுத்தா படமே இல்ல நர்சம்மா" என்றாராம். தேதி மங்கலாகத்தான் இருக்கிறது. தெரிந்தவளுக்குத் தெரிகிறது.

மார்ச் 20, வெள்ளி

வெயில் ஏறிவிட்டது. முந்திரி பழுக்கத் தொடங்கிவிட்டது. ச. நேற்றும் பேசினார், நன்றாக இருக்கிறார்.

படம் தேர்வாகவில்லை. மெயிலை அத்தை என்னை இரண்டு முறை வாசிக்கச் சொன்னார். "சரி" என்றார். சாப்பிட்டார்.

அடுத்த கதையை ஏற்கெனவே எழுதிவிட்டாராம். சாயங்காலம் படிக்கக் கொடுத்தார். அதில் யாரும் சாகவில்லை.