உள்ளே விடும் உரிமை

அன்புள்ள அண்ணாவுக்கு,

நலம்தானே? அங்கே குளிர் அதிகம் என்று கேள்வி. கழுத்தில் எதையாவது சுற்றிக்கொண்டு வெளியே போங்கள். தங்கை என்று ஒருத்தி வாய்த்தால் இந்த நச்சரிப்பும் சேர்ந்துதான் வரும்.

என் வீட்டுக்காரருடைய நெஞ்சு எக்ஸ்ரேயை நானே எடுத்தேன். எல்லாரிடமும் சொல்கிற மாதிரி மூச்சை அடக்கச் சொன்னேன். படத்தைப் பார்த்ததும் என் மூச்சுதான் நின்றது. நுரையீரல் முழுக்கப் புற்று பரவிவிட்டது. நான் வேலை பார்க்கும் ஆஸ்பத்திரியிலேயே சேர்த்திருக்கிறேன். சொந்தக்காரர்களுக்குச் சொல்லிவிடுவது நல்லது என்றார் டாக்டர். எனக்கு முதலில் உங்கள் நினைவுதான் வந்தது.

உங்களை வரவழைக்க அவர் அண்ணன் ஒப்பவில்லை. அன்று உங்களைப் போலீஸில் பிடித்துக் கொடுத்த அதே வீறாப்பு. நம் பண்பாட்டுக்கு ஆகாதாம். இவர் தம்பியை நேசித்ததற்காக உங்களை ஜெயிலில் தள்ளிய சட்டத்தை எழுதியவன் நம்மை ஆண்ட வெள்ளைக்காரன். அவன் தன் நாட்டில் அதைத் தூக்கிப் போட்டு எவ்வளவோ காலமாயிற்று, இங்கேயும் எடுத்தாயிற்று. இவர் மட்டும் பாட்டன் சொத்து போலக் கட்டிக்கொண்டு அழுகிறார். நீங்கள் ஊரை விட்டுப் போனதும், தம்பியைத் திருத்துவதற்கு என்னைக் கட்டிவைத்தார்கள். என் சம்மதத்தை யாரும் கேட்கவில்லை.

நீங்கள்தான் கேட்கச் சொன்னீர்கள். கல்யாணத்துக்கு முன்பு ஃபோனில் நீங்கள் சொன்னதை அவர் அப்படியே என்னிடம் ஒப்பித்தார்: "அந்தப் பொண்ணுகிட்ட எதையும் மறைக்காத. வேண்டாம்னா விட்டுடு. சரின்னா அவளப் படிக்க வை."

அப்பா என் படிப்பை நிறுத்தியிருந்த நேரம் அது. நான் சரி என்றேன். அவர் வாக்குத் தவறவில்லை. சமைத்து வைத்துவிட்டு என்னைப் பரீட்சைக்கு அனுப்பியவர். உப்பு மட்டும் இன்றுவரை அவர் கைக்கு அடங்கவில்லை. என் படிப்பு, வேலை, யாருக்கும் பயப்படாத இந்த வாய் எல்லாம் நீங்கள் இருவரும் கொடுத்தவை. நன்றி என்று எழுதினால் சின்னதாகத் தெரிகிறது. இருந்தாலும் எழுதுகிறேன், மனசு நிறைந்து எழுதுகிறேன்.

நேற்று வார்டு வாசலில் அவர் அண்ணன், வெளியாள் யாரும் வரக்கூடாது என்று சத்தம் போட்டார். யாரை விடுவது என்று மனைவிதான் சொல்ல வேண்டும் என்றாள் நர்ஸ். அவரைத் திருத்த இவர்கள் நடத்திய கல்யாணமே அந்த உரிமையை என் கையில் கொடுத்திருக்கிறது, பாருங்கள். "அவர் வருவாரு. கட்டில் பக்கத்துலயே இருப்பாரு" என்றேன். அவர் அண்ணன் வாசலை விட்டு நகர்ந்தார்.

உள்ளே அவர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு படுத்திருந்தார். நான் போனதும் முகச்சவரம் செய்துவிடச் சொன்னார். செய்துவிட்டேன்.

தாடி மறுபடி வளர்வதற்குள் வந்துவிடுங்கள், அண்ணா.

என்றும் உங்களுக்குக் கடமைப்பட்ட
தங்கை