பாங்கு நேரத்தில் அடிக்காத ஹாரன்

786

கம்பம்
14.7.2003

அன்பு மகன் ராஜா முகம்மதுவுக்கு அம்மா துஆவுடன் எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். இங்கே நானும் அத்தாவும் உன் தங்கை சானியாவும் உடம்பளவில் சுகம், மனசைப் பற்றி மட்டும் கேட்காதே. நீயும் அந்த மெஸ் சாப்பாடு வயிற்றுக்கு ஒத்துக்கொண்டு நல்லபடியாக இருக்க அல்லாஹ் அருள வேண்டும். சாரல் பிடித்துக்கொண்டது, துவைத்த துணி காயவில்லை. போனில் பேசலாம் என்றால் பூத்துக்காரர் மீட்டரைப் பார்ப்பதைவிட நம் பேச்சைத்தான் அதிகம் கேட்கிறார், அதனால் எழுதுகிறேன். அடுப்பில் பாலை வைத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறேன், அதற்குள் இரண்டு தடவை எழுந்து போய்ப் பார்த்துவிட்டேன், ஓர் இடத்தில் இருப்புக் கொள்ளவில்லை.

அத்தாவின் சைக்கிள் விஷயத்தில் நீ பயந்துவிடுவாய் என்று பாதியைத்தான் சொல்லியிருந்தேன். வீரபாண்டித் திருவிழா முடிந்த மறு வாரம், சாயங்காலம் அஸர் தொழுகை நேரம், அத்தா ரொட்டிப் பெட்டியைக் கேரியரில் கட்டிக்கொண்டு மெயின் ரோட்டில் வந்திருக்கிறார்கள். அத்தா வருவதை ஊருக்குச் சொல்வது அந்த ரப்பர் ஹாரன்தானே. பள்ளிவாசலில் பாங்கு சொல்லும்போது மட்டும் அதை அமுக்க மாட்டார்கள், பாங்குக்கு மேலே எந்தச் சத்தமும் கூடாது என்று அவர்களாக வைத்துக்கொண்ட சட்டம் அது. அப்படியானால் இறங்கி ஓரமாக நின்றிருக்கலாம், அதையும் செய்யவில்லை, ஹாரன் அடிக்காமல் மிதித்துக்கொண்டே வந்திருக்கிறார்கள். அந்த நேரம் பார்த்து சுருளிப்பட்டி ஒச்சாண்டி, திராட்சைத் தோட்டத்தில் வேலை பார்க்கிற பெரியவர், டீக்கடையிலிருந்து ரோட்டில் இறங்கியிருக்கிறார். சைக்கிள் பெட்டியோடு அவர் மேல் போய் விழுந்து அவருக்கு இடுப்பெலும்பு முறிந்துவிட்டது, அத்தாவுக்கு முழங்கைச் சிராய்ப்போடு போயிற்று. அத்தாவே ஆட்டோ பிடித்து அவரை ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள். அங்கே யார் இடித்தது என்று கேட்டதற்கு நான்தான், ஹாரனும் அடிக்கவில்லை என்று அத்தனை பேருக்கும் முன்னால் சொல்லிவிட்டு வந்திருக்கிறார்கள்.

பெரியவர் மகன் காமராஜ் போலீஸில் எழுதிக் கொடுத்துவிட்டான். அவனைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை, படுத்துக் கிடப்பது அவனைப் பெற்றவர். சைக்கிளை ஸ்டேஷனில் நிறுத்தி வைத்திருக்கிறார்கள். அத்தா இப்போது கூடையைத் தூக்கிக்கொண்டு நடக்கிறார்கள், ஹாரன் இல்லாமல் அவர்கள் வந்து போனதே தெருவில் யாருக்கும் தெரிவதில்லை, பாதி பன் வீட்டுக்கே திரும்பி வருகிறது. உத்தமபாளையத்தில் வக்கீல் ஞானசிகாமணியைப் போய்ப் பார்த்தோம். சைக்கிள்தானே, இதற்கெல்லாம் ஒரு கேஸா என்றுதான் நானும் நினைத்துப் போனேன். அவர் சொன்னது வேறாக இருந்தது. லாரி, கார் என்றால் இன்சூரன்ஸ் கம்பெனி கொடுக்கும், சைக்கிளுக்கு அப்படி யாரும் இல்லையாம். அத்தாவின் கவனக்குறைவு என்று ஆகிவிட்டால் போலீஸ் கேஸில் தண்டனை வரலாம், பெரியவர் வீட்டில் நஷ்ட ஈடு கேட்டுத் தனியாக வழக்குப் போட்டால் நம் வீடு வரைக்கும் வரலாம் என்றார். பிறகு குரலை இறக்கி, 'ஹாரன் அடிச்சேன், பெரியவருக்குக் காது மந்தம், கேக்காம குறுக்க வந்துட்டாருன்னு சொல்லிருங்க பாய், மத்தத நான் பாத்துக்கிறேன்' என்றார். நீயும் போனில் அதைத்தான் சொன்னாய். நானும் அதையேதான் சோறு போடும்போதும் சொன்னேன், படுக்கை விரிக்கும்போதும் சொன்னேன். கடைசியில் ஒரு நாள் உன் அத்தா, 'அடிக்கலயே சாபிரா, அடிக்காததை அடிச்சேன்னு எப்படிச் சொல்றது' என்றார்கள். எனக்கு வந்த கோபத்தில், உங்கள் நாக்கு சுத்தமாக இருக்கும், நானும் சானியாவும் தெருவில் நிற்போம் என்று சொல்லிவிட்டேன். அன்று அவர்கள் சரியாகச் சாப்பிடவில்லை.

நேற்று அத்தாவுக்குச் சொல்லாமல் நானே சுருளிப்பட்டிக்கு டவுன் பஸ் ஏறிவிட்டேன். ஒச்சாண்டி வீட்டம்மா மொக்கம்மாள் காலில் விழுந்தாவது கேஸை வாபஸ் வாங்கச் சொல்வது என்றுதான் போனேன். வெறுங்கையோடு போகக் கூடாதென்று பன் கொஞ்சம் எடுத்துக்கொண்டேன். விரட்டுவாள் என்று நினைத்தால் அந்த அம்மாள், 'வாங்க, உக்காருங்க, பாய் வரலயா' என்கிறாள். உன் அத்தா நம் யாருக்கும் சொல்லாமல் அங்கே போய்ப் பார்த்துவிட்டு வந்துகொண்டிருக்கிறார்கள், எப்படி இருக்கிறது கதை. பெரியவர் கட்டிலில் கிடந்தார். நான் வந்த விஷயத்தை எடுப்பதற்குள் அவரே ஆரம்பித்தார். 'ஆத்தா, நான் கெழவந்தான், செவிடன் இல்ல. அன்னைக்குப் பாங்கு கேட்டுச்சு, ஹாரன் கேக்கல, கேட்டிருந்தா நின்னிருப்பேன். ஊருக்குள்ள எனக்குக் காது போச்சு, அதான் சைக்கிள்ல போயி விழுந்தேன்னு பேசுறாக. தோட்டத்துக்காரரும், நான் எந்திரிச்சு நடந்தாலும் இனி வேலைக்கு வர வேணாம்னு சொல்லிட்டாக. பாய் ஒருத்தர்தான், நான் அடிக்கல, அவர் காதுல குத்தமில்லைன்னு நாலு பேருக்கு முன்னால சொன்னாக. கோர்ட்டுலயும் அதச் சொல்லிட்டாகன்னா எனக்குப் போதும்' என்றார்.

நீயும் நானும் வக்கீலும் சேர்ந்து சொல்லச் சொன்ன அந்த ஒரு பொய், இந்த மனிதரை எலும்பு கூடின பிறகும் வீட்டிலேயே உட்கார வைத்துவிடும். வாபஸ் என்ற வார்த்தை என் வாயில் வரவே இல்லை. அந்த அம்மாள் கொடுத்த காப்பியைக் குடித்துவிட்டு வந்துவிட்டேன். அத்தாவிடம் போய் வந்ததைச் சொன்னேன். கோர்ட்டுக்குப் போட வெள்ளைச் சட்டையை எடுத்து வைக்கச் சொன்னார்கள்.

அதற்காக எனக்குப் பயம் போய்விட்டது என்று நினைக்காதே. வீட்டுக் கதவைச் சாத்தும்போதெல்லாம் இது நமக்கு எத்தனை நாளைக்கோ என்று தோன்றுகிறது. அத்தாவை உள்ளே போட்டுவிட்டால் சர்க்கரை மாத்திரையை வேளைக்கு யார் கொடுப்பது என்று நினைத்தால் தூக்கம் வரவில்லை. இருந்தாலும், ஹாரன் அடித்ததாகச் சொல்லச் சொல்லி இனி நீ போன் செய்யாதே. வரும் 30ஆம் தேதி புதன்கிழமை உத்தமபாளையம் கோர்ட்டில் அத்தாவைக் கேட்பார்கள். லீவு சொல்லிவிட்டு முந்தின நாளே பஸ் ஏறி வந்துவிடு. நீ ஒன்றும் பேச வேண்டாம், அத்தா சொல்லும்போது பக்கத்தில் நின்றால் போதும்.

பார்த்தாயா, பால் பொங்கி அடுப்பு அணைந்துவிட்டது, சானியா கத்துகிறாள். அல்லாஹ் உனக்கு நீண்ட ஆயுளையும் நல்ல சுகத்தையும் தருவானாக, வழியில் எந்த ஆபத்தும் அண்டாமல் காப்பானாக. நீயும் சென்னையில் ஆபீசுக்குச் சைக்கிளில்தான் போகிறாய். பெல் சரியாக அடிக்கவில்லை என்று சொன்னாயே, இன்றைக்கே மாற்று. பாங்கு நேரமாக இருந்தாலும் அடி. இது நானாக எழுதவில்லை, நேற்று ராத்திரி இஷா தொழுதுவிட்டு வந்து உன் அத்தா எழுதச் சொன்னது.

இப்படிக்கு
உன் வரவைப் பார்த்திருக்கும் அம்மா
க. சாபிரா